ஒரு நாளுக்கு ஒரு நொடி

ஆறு நிமிடம் ஓடும் படம் அது. பேச்சில்லை, கதையில்லை. சுவரில் பொருத்திய பஞ்சிங் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சீருடை அணிந்த ஒருவர் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். முதலில் தலை மொட்டையாக இருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி அரும்புகிறது, கறுத்து அடர்கிறது, காதை மூடுகிறது, தோளில் வந்து விழுகிறது. கடிகாரத்தின் மணி முள் தலைகால் தெரியாமல் சுற்றுகிறது. அவர் எங்கும் போகவில்லை. ஆனாலும் ஒரு கணம்கூட ஓரிடத்தில் இல்லை. தோள் துடிக்கிறது, முகவாய் நடுங்குகிறது, உடம்பு முழுதும் ஓயாத ஓர் அதிர்வு. எப்போது பார்த்தாலும் அந்த நடுக்கத்தில்தான் என் கண் போய் நிற்கிறது. வாருங்கள், இன்னொரு தடவை மெதுவாகப் பார்ப்போம்.

டெச்சிங் ஷியே தைவானில் பிறந்தவர், நியூயார்க்கில் வாழ்பவர். 1980 ஏப்ரல் 11 மாலை தொடங்கி 1981 ஏப்ரல் 11 மாலை ஆறு மணி வரை, இரவென்றும் பகலென்றும் பாராமல், ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் தன் ஸ்டூடியோவிலிருந்த பஞ்சிங் கடிகாரத்தில் கார்டைச் செருகி நேரம் பதித்தார். பதித்ததும் 16 மி.மீ. கேமராவில் ஒரே ஒரு ஃப்ரேம். எடுத்ததும் அந்த அறையைவிட்டு வெளியே. அடுத்த மணிக்கு மறுபடி உள்ளே. ஓராண்டு முழுக்க இதுதான் வேலை. கூலி கொடுக்க முதலாளி இல்லை, விளைந்த சரக்கும் இல்லை. 'ஓராண்டு நிகழ்த்துகை 1980–1981' என்பது படைப்பின் முறையான பெயர். கலை உலகம் அதைக் கடிகாரப் படைப்பு என்றே அழைத்துப் பழகிவிட்டது.

அதன் முதல் அழகு ஒரு கணக்கில் இருக்கிறது. சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம். நாள் ஓடுவது 24 மணி நேரம். மணிக்கு ஒரு ஃப்ரேம் எடுத்தால், ஒரு முழு நாள் திரையில் ஒரு நொடியாகிவிடுகிறது. ஓராண்டு ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் உண்டாக்கவில்லை. திரைப்படம் பிறந்து வளர்ந்து, நொடிக்கு 24 என்று நிலைபெற்ற நாள் முதலாக அது எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. குனிந்து எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எடுத்த கை அதைப் பெரிதாக விளக்கிக் காட்டவும் இல்லை. படத்தைப் பார்ப்பவர் யாராவது விரல் விட்டு எண்ணினால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. நான் பெரிதும் போற்றுவது இந்த அடக்கத்தை.

இப்போது அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஓர் இமைப்பு. அவருக்கு அதற்குள் ஒரு விடியலும் ஓர் அந்தியும் உண்டு. பசித்திருக்கிறது, உண்டிருக்கிறார். கண்ணயர்ந்திருக்கிறார், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உறங்க வழியில்லாமல் அலாரம் எழுப்பியிருக்கிறது. தெருவில் இறங்கி நடந்திருக்கிறார், ஆனால் அரை மணி நேர நடைக்கு அப்பால் அவருக்கு நியூயார்க் என்று ஒன்று இல்லை, திரும்பியாக வேண்டுமே. ஒரு நண்பரோடு உட்கார்ந்து ஒரு சினிமா பார்த்து முடிக்க முடியாத ஆண்டு அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு அறுபது நிமிட நீளத்தில் அவரை அந்த அறையோடு கட்டிப் போட்டிருக்கிறது. படம் இதில் எதையும் காட்டுவதில்லை. ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கழிந்த அந்த ஐம்பத்தொன்பது நிமிடங்களை நம் கற்பனைக்கு விட்டுவிடுகிறது.

அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மணியும் அவர் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார், அதே முகத்தைத்தான் கேமராவுக்குக் கொடுக்கிறார். ஆனால் மனித உடம்பு சரியாக அதே இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு தடவை அரை அங்குலம் இடப்பக்கம். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் தலை சற்றே சாய்வு. ஒரு தடவை சட்டைக் காலர் மடிப்பு மாறியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு பொருட்டாகத் தெரியாத இந்தச் சிறு பிசகுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்போது நடுக்கமாகின்றன. எந்திரத்தைப் போல் இருக்க முயன்ற ஒருவரின் உயிர் அந்த இடைவெளியில் துடிப்பது தெரிகிறது. அவர் நடிக்கவில்லை, உணர்ச்சி எதையும் முகத்தில் காட்டவில்லை. காட்டாமல் விட்டதையெல்லாம் உடம்பு தானாகக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கடிகாரத்தையும் ஒரு கணம் பாருங்கள். மணி முள் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது. நிமிட முள்ளோ பன்னிரண்டை விட்டு அகல மனமில்லாமல் உச்சியிலேயே தத்தளிக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் மணி தொடங்கும் வேளையில் எடுத்ததல்லவா, அது அங்கேதான் இருந்தாக வேண்டும். ஒன்று வெறிகொண்டு ஓட, மற்றது நின்ற இடத்தில் நடுங்க, இரண்டும் ஒரே அச்சில்.

தலைமுடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடங்கும் நாளில் மொட்டையடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், காலம் ஓடியதற்கு உடம்பிலேயே ஒரு சாட்சி வேண்டும் என்பதுதான். படத்தைத் திருத்தி ஏமாற்றலாம், கார்டில் பொய்யாக முத்திரை குத்தலாம். முடியை அவசரப்படுத்த முடியாது. அவர் வெறுமனே விட்டுவிட்டார், அது தன் வேலையைச் செய்தது. அந்த ஆண்டில் அந்த அறையில் வளர்ந்த ஒரே பொருள் அதுதான்.

இனி கார்டுகள். நாளுக்கு ஒன்றாக, தொடக்க நாளும் இறுதி நாளும் சேர்த்து 366. ஒவ்வொன்றிலும் மணி மணியாக மை முத்திரை. ஒவ்வொன்றிலும் சாட்சியின் கையொப்பம். பெரிய கண்காட்சிகளில் இவை சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நெசவு போல் சீரான ஓர் அணிவகுப்பு. கிட்டே போனால் ஒவ்வொரு கார்டும் வேறு. முத்திரை சில இடத்தில் அழுத்தமாக, சில இடத்தில் மங்கலாக விழுந்திருக்கும். இடையில் சில வரிகள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைகளை அவர் ஒளிக்கவில்லை. அவற்றுக்கென்றே தனியாக ஒரு பட்டியல் தயாரித்து மற்ற ஆவணங்களோடு வைத்தார்.

8,760 தடவை பதித்திருக்க வேண்டும். 133 தடவை தவறியது. தூங்கிப்போனதால் 94. தாமதமாக வந்ததால் 29. முன்கூட்டியே பதித்துவிட்டதால் 10.

அந்தப் பத்தில் கொஞ்சம் தங்குவோம். தூங்கிப்போனது புரிகிறது, உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. தாமதமும் புரிகிறது. ஆனால் முன்கூட்டி? மணி இன்னும் அடிக்கவில்லை, அதற்குள் கை நீண்டுவிட்டது. பொறுக்க முடியவில்லையா, தூக்கத்தில் கடிகாரத்தைத் தவறாகப் படித்தாரா, சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்ற ஆசையா? பட்டியல் காரணம் சொல்வதில்லை. சொல்லாததால்தான் அந்த எண் இத்தனை அருமையாக இருக்கிறது. ஓராண்டில் பத்தே பத்து தடவை அந்த மனிதர் தன் விதியை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறார், அதையும் குற்றமாக எண்ணி எழுதி வைத்திருக்கிறார். 133 என்று மொத்தமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாகப் பிரித்ததில் இருக்கிறது அவருடைய நேர்மையின் நயம்.

இவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாங்கும் சக்தியைத்தான் வியக்கிறார்கள். எப்படித் தூங்காமல் இருந்தார், எப்படிக் குளிரைப் பொறுத்தார் என்று. எனக்கு அந்த வியப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்பவர்கள் உலகில் கோடிப் பேர். வறுமையும் வேலையும் சிறையும் அதை நாள்தோறும் கற்றுத் தருகின்றன. ஷியேயிடம் எனக்கு அலுக்காமல் இருப்பது, ஒரு குமாஸ்தாவின் பொறுமையோடு அவர் கோத்து வைத்த அந்தக் காகிதங்களின் செய்நேர்த்தி. ஒப்பந்தம், முத்திரை, கையொப்பம், தேதி. தனிமையைப் பற்றிய கலை இத்தனை வறண்ட மொழியில் பேசும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1950 டிசம்பர் 31 அன்று பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஓவியம் தீட்டத் தொடங்கினார், கட்டாய ராணுவ சேவை செய்தார், 1973-இல் தைவானில் ஒரு மாடி ஜன்னலிலிருந்து குதித்து அதையும் ஒரு படைப்பாகப் பதிவு செய்து இரண்டு கணுக்காலையும் முறித்துக்கொண்டார். அந்தக் குதிப்பை நான் அவ்வளவாக ரசிப்பதில்லை. இளமைக்கே உரிய அவசரம் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த குதிப்புதான் அவரை உருவாக்கியது. மாலுமியாகக் கப்பலேறி 1974-இல் பிலடெல்பியா அருகே கரையிறங்கியவர், கப்பலுக்குத் திரும்பவில்லை. டாக்சி பிடித்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். 1988-இல் பொது மன்னிப்பு கிடைக்கும் வரை, பதினான்கு ஆண்டுகள் அந்த நாட்டில் அவருக்குச் சட்டப்படி இடமில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தால் ஒரு மெல்லிய குறும்பு தெரியும். வேலை செய்ய உரிமையில்லாத ஒருவர், அந்த ஊரில் எந்தத் தொழிலாளியும் பதிக்காத அளவுக்கு வேலை நேரம் பதித்திருக்கிறார். தன் படைப்புகள் அரசியலைப் பற்றியவை அல்ல, காலத்தையும் இருப்பையும் பற்றியவை என்று ஷியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அந்தக் குறும்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது. டாஸ்டாயெவ்ஸ்கியும் காஃப்காவும் நீட்சேயும் அவர் இளமையில் பற்றிக்கொண்ட பெயர்கள். பாறையை மலைமேல் உருட்டும் சிசிபஸும் அவர் பேச்சில் அடிக்கடி வருவான். வாழ்வு என்பது ஆயுள் தண்டனை, வாழ்வு என்பது பொழுதைக் கழிப்பது, வாழ்வு என்பது சுதந்திரமாகச் சிந்திப்பது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவர் அவர். இருத்தலியல் என்று நாம் தடித்த நூல்களில் தேடும் விசாரம் இவரிடம் மை முத்திரையாக வந்து விழுந்திருக்கிறது.

கடிகாரத்துக்கு முன்பே கூண்டு வந்துவிட்டது. 1978 செப்டம்பர் இறுதியில், நியூயார்க் ஹட்சன் தெருவில் தான் குடியிருந்த இடத்திலேயே மரக் கம்பிகளால் ஒரு கூண்டு கட்டி உள்ளே போனார். ஓராண்டு பேச்சில்லை, படிப்பில்லை, எழுத்தில்லை, வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. நண்பர் ஒருவர் உணவு கொண்டுவந்து கழிவை எடுத்துப்போனார். கூண்டின் மூட்டுகளில் வழக்கறிஞர் ராபர்ட் ப்ரொஜான்ஸ்கி தாள் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டார். ஆண்டு முடிந்ததும் அவரே வந்து எந்த முத்திரையும் கிழியவில்லை என்று சான்றளித்தார். இவர் யாரென்றால், 1971-இல் கலைஞர்களின் உரிமையைக் காக்க ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர். கலைஞருக்குச் சுதந்திரம் எழுதிய அதே பேனா கலைஞரை உள்ளே வைத்துச் சாத்தியதற்கும் சாட்சி போட்டிருக்கிறது. இந்தப் பொருத்தம் யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

புகைப்படங்களில் அந்தக் கூண்டு சிறை போல் பயமுறுத்துவதில்லை. கம்பிகள் நேர்த்தியாக இழைத்த மரம். உள்ளே ஒரு கட்டில், ஒரு முகம் கழுவும் தொட்டி, ஒரு விளக்கு, ஒரு வாளி. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில். சுவரில் நாளுக்கு ஒன்றாகக் கீறிய கோடுகள். பதினொன்றரை அடி நீளம், ஒன்பது அடி அகலம். இத்தனை சின்ன இடத்தில் ஒரு மனிதர் எங்கே போவார்? ஷியே பின்னாளில் சொன்ன ஒரு செய்தியில் நெஞ்சு நெகிழ்ந்துபோகும். கட்டில் இருந்த மூலையை அவர் வீடு என்று வைத்துக்கொண்டாராம், மற்ற மூலைகளை வெளியூர் என்று. அந்த மூலைகளுக்கு உலாவப் போவார், பிறகு வீடு திரும்புவார். நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகும் தூரத்தில் ஒரு புறப்பாடும் ஒரு வீடு திரும்புதலும். வீடு என்பதற்கு வெளியே என்று ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அது வீடாக இராது என்பதை அந்தக் கால்கள் கண்டுகொண்டிருக்கின்றன. கூண்டின் பரப்பு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. ஆனால் அந்த நடையில் ஒரு ஊரே உள்ளே வந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு ஒரு நாள் காலை 11 முதல் மாலை 5 வரை பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தார். வந்தவர்களிடம் அவர் பேசவில்லை. தனிமையைக் காட்சிக்கு வைப்பதில் ஒரு முரண் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலிருக்காது. அதனால்தானோ என்னவோ அந்த நாட்களை அத்தனை அரிதாக வைத்தார்.

மூன்றாவது ஆண்டுப் படைப்பில் கூண்டை உள்புறம் வெளிப்புறமாகப் புரட்டிப் போட்டார். 1981 செப்டம்பர் 26 முதல் ஓராண்டு எந்தக் கூரைக்கும் கீழ் போகக் கூடாது. அதற்கு அவர் எழுதிய உறுதிமொழித் தாளைப் பாருங்கள். கட்டடத்துக்குள் போக மாட்டேன், சுரங்க ரயில், ரயில், கார், விமானம், கப்பல், குகை, கூடாரம் எதற்குள்ளும் போக மாட்டேன். ஒரு தூக்கப் பை மட்டும் உண்டு. இந்த வரிசையில் குகை எப்படி நுழைந்தது? மன்ஹாட்டன் தெருக்களில் குகையை யார் தேடப் போகிறார்கள்? ஆனாலும் எழுதியிருக்கிறார். மனிதன் ஒதுங்கிய முதல் கூரை அது என்பதால், பட்டியலில் அதையும் கைவிட்டால்தான் கணக்கு முழுமையாகும். நவீன நகரத்தின் சுரங்க ரயிலில் தொடங்கிக் கற்காலக் குகையைத் தொட்டுத் திரும்பும் அந்த வாக்கியத்தில் மனித குலம் தலைக்கு மேல் வைத்துக்கொண்ட அத்தனையும் வந்துபோகிறது. சொல்லலங்காரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெயர்ச்சொற்கள், நடுவில் காற்புள்ளிகள்.

அந்த ஆண்டுக்குச் சாட்சி வரைபடங்கள். கீழ் மன்ஹாட்டனின் வரைபடத்தைப் படி எடுத்துக்கொண்டு, நாள்தோறும் ஒன்றில் தான் நடந்த வழியைக் கோடிட்டு, எங்கே உண்டார், எங்கே உறங்கினார், எங்கே மலம் கழித்தார் என்று குறித்துவைத்தார். அரசர்களின் படையெடுப்பையும் வணிகரின் கடல்வழியையும் காட்டிப் பழகிய வரைபடத்தில், ஒரு தனி உடம்பின் ஒரு நாள் தேவை அதே கண்ணியத்தோடு குறிக்கப்படுகிறது. அந்தக் குளிர்காலம் கொடியது. வீடற்றவர்களுக்கு நடுவே வீடற்றவராக, கேட்பவரில்லாமல் அவர் அலைந்த தெருக்கள் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. கோடு மட்டும் நடுங்காமல் போகிறது.

ஒரே ஒரு தடவை விதி உடைந்தது. தெருச் சண்டை ஒன்றில் போலீஸ் பிடித்து 15 மணி நேரம் உள்ளே வைத்தது. பிடித்து உள்ளே இழுக்கும்போது அவர் போட்ட கூச்சல் படமாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்கும்போது, இத்தனை நாளும் மௌனத்தால் பேசியவரின் குரல் இப்படியா இருக்கும் என்று திடுக்கிடுகிறது. பிறகு வழக்கு வந்தபோது அவர் நீதிமன்றத்துக்கு வெளியே நிற்க நீதிபதி இசைந்தார். முகம் தெரியாத அந்த நீதிபதியின் இசைவும் இப்போது படைப்பின் ஒரு பகுதி.

அதற்குப் பிறகு கயிறு. 1983 ஜூலை 4 மாலை ஆறு மணி. அமெரிக்கச் சுதந்திர நாள். அன்று ஷியேயும் லிண்டா மொன்டானோ என்ற கலைஞரும் எட்டடிக் கயிற்றின் இரு முனைகளைத் தத்தம் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஓராண்டு அவிழ்க்கக் கூடாது. உள்ளே இருக்கும்போது இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒருவரையொருவர் தொடக் கூடாது. அதற்கு முன் அவர்கள் பழகியவர்கள் அல்லர். இளமையில் கன்னிமடத்தில் இரண்டாண்டு பயின்றவர் மொன்டானோ. விதியைத் தானே விரும்பி ஏற்றுக்கொள்வதென்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புகைப்படங்களில் நான் முதலில் தேடுவது கயிற்றின் தொய்வை. இருவரும் தெருவில் நடக்கிறார்கள், கயிறு இருவருக்கும் நடுவில் துணிக்கொடி போலத் தழைந்து தொங்குகிறது. தழைந்திருக்கும் வரை இருவருக்கும் நிம்மதி. ஒருவர் அரை அடி விலகினாலும் அது விறைக்கிறது, மற்றவர் இடுப்பில் செய்தி போய்ச் சேர்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அவர்களுக்குள் பேச்சுக் குறைந்ததாம். பேச்சு போய் இழுப்பு வந்தது, இழுப்பு போய்ச் சைகை, கடைசியில் வெறும் முனகல் என்று மொன்டானோ பிறகு விவரித்திருக்கிறார். தனித்திருப்பதைப் பற்றி மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தவர், இன்னொருவரோடு இருக்கும்போது தனிமை எப்படி இன்னும் கூர்மையாகும் என்பதை இந்த எட்டடியில் கண்டார். ஏன் எட்டு? ஆறடி என்றால் தொடாமல் இருக்க முடியாது, பத்தடி என்றால் மறந்துவிடலாம். எட்டடியில் மறக்கவும் முடியாது, நெருங்கவும் முடியாது. இது என் ஊகம்தான், ஆனால் ஒரு தச்சன் அளவெடுத்த துல்லியம் அந்த எண்ணில் தெரிகிறது.

அவர்கள் தினமும் பேசியதைக் கேசட்டில் பதிந்தார்கள். பதிந்து முத்திரையிட்டு மூடிவிட்டார்கள். அவை ஒருபோதும் திறந்து கேட்கப்படுவதற்கல்ல. கண்காட்சிக்கு வருபவர் முன்னால் கேசட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், உள்ளே ஓராண்டுச் சண்டையும் சமாதானமும் இருக்கும், காதுக்கு எட்டாது. உறவைப் பற்றிய இத்தனை பெரிய ஆவணத்தைச் செய்து முடித்து, அதைப் படிக்கும் உரிமையை உலகத்துக்கு மறுத்துவிட்ட அந்தக் கண்ணியம் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுகிறது. எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள், எதையும் அம்பலப்படுத்தவில்லை.

ஐந்தாவது ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை, அதுவே அதன் இயல்பு. 1985 ஜூலை 1 முதல் ஓராண்டு கலை செய்யாமல், கலையைப் பற்றிப் பேசாமல், பார்க்காமல், படிக்காமல், கலைக்கூடத்துக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் போகாமல் வெறுமனே வாழ்ந்தார். அதற்கு முன் எப்போதும் போல ஓர் உறுதிமொழித் தாள் மட்டும்.

கடைசித் திட்டம் பதின்மூன்று ஆண்டு. தன் 36-ஆம் பிறந்தநாளான 1986 டிசம்பர் 31-இல் தொடங்கி, 49-ஆம் பிறந்தநாளான 1999 டிசம்பர் 31-இல் முடித்தார். இந்தக் காலத்தில் கலை செய்வேன், யாருக்கும் காட்ட மாட்டேன் என்பது விதி. இடையில் எல்லோரையும் விட்டு மறைந்து அலாஸ்கா போய்விட எண்ணிப் புறப்பட்டு, சியாட்டிலோடு நின்று திரும்பினார். 2000 ஜனவரி 1 அன்று நியூயார்க் ஜட்சன் தேவாலயத்தில் கூடியவர்களுக்கு ஒரு தாளைக் காட்டினார். அச்சுத் தாள்களிலிருந்து வெட்டியெடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டிய தாள். என்னை உயிரோடு வைத்துக்கொண்டேன், இந்தத் தேதியைக் கடந்துவிட்டேன் என்பதுதான் அதன் சாரம். ஆளைக் கடத்தியவர்கள் அனுப்பும் மிரட்டல் கடிதத்தின் பாணியில் அந்த எழுத்துகள் அளவிலும் உருவிலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்கின்றன. கடத்தப்பட்டவரும் அவரே, கடத்தியவரும் அவரே, விடுவித்தவரும் அவரே. அந்த எழுத்துகளை ஒட்டிய விரல்களின் நிதானத்தை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுக்கு ஒரு தாள், அதிலும் ஒரு சொல்கூட மிகை இல்லை.

அதோடு கலை செய்வதை நிறுத்திவிட்டார். பிறகு செய்ததெல்லாம் அந்தக் காகிதங்களைச் சரியான இடத்தில் வைப்பதுதான். 2017 வெனிஸ் பினாலேயில் தைவானின் சார்பாகக் கடிகாரமும் வரைபடங்களும் வைக்கப்பட்ட கட்டடம் வெனிஸின் பழைய சிறைச்சாலை. அவருக்கு நெடுநாளாக ஒரு கண்காட்சிக் கனவு இருந்தது. காலத்தை இடமாக மாற்றிக் காட்ட வேண்டும். ஓராண்டுக்கு எவ்வளவு இடமோ, அந்த விகிதத்திலேயே எல்லாவற்றுக்கும். 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் டியா பீக்கன் அருங்காட்சியகத்தில் அது அந்த வடிவில் அமைந்தது. அதில் எனக்குப் பெரிதும் பிடித்தது, ஒரு படைப்புக்கும் அடுத்த படைப்புக்கும் நடுவே அவர் எந்த விதியும் இல்லாமல் வாழ்ந்த மாதங்களுக்கும் இடம் ஒதுக்கியிருப்பது. கூண்டுக்கும் கடிகாரத்துக்கும் இடையே ஆறரை மாதம். கடிகாரத்துக்கும் தெருவுக்கும் இடையே ஐந்தரை மாதம். தெருவுக்கும் கயிற்றுக்கும் இடையே ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கயிற்றை அவிழ்த்த பிறகு மூன்று நாள் குறைய ஓராண்டு. அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று எந்தக் கார்டிலும் பதிவில்லை. அவற்றின் அளவை மட்டும் சரியாக எடுத்து, காலியாகவே விட்டிருக்கிறார்.